ஈரப்பதம்

எண்ணை எழுதித் தந்தது பெரியாஸ்பத்திரி நர்ஸ்,
மாத்திரைச் சீட்டின் முதுகில்.
நாலு மாதம் சட்டைப்பையில் கிடந்தது.
ஒருநாள் சட்டையோடு துவைபட்டு
கடைசி இரண்டு இலக்கமும் நீலமாய்க் கரைந்துபோக,
அப்பாடா என்றிருந்தது எனக்கு.

உமையாள் ஒன்றும் பேசாமல்
காஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.
பின்னட்டையில் பத்து இலக்கமும் இருந்தன,
அவளுடைய குண்டெழுத்தில்,
என்றைக்கோ எழுதியவை.

போனில் ஒரு குரல் வழி சொன்னது:
சனிக்கிழமை ஆறரை, செக்காலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்,
பின் கேட் வழியா வாங்க.
பேர் கேட்கவில்லை.
பொய்ப்பேர் ஒன்று தயாராய் வைத்திருந்தேன்,
வீணாய்ப் போயிற்று.

புதுவயலில் ஏறி
காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி
டீக்கடையில் கேட்டேன், மீட்டிங் எங்கே நடக்குது?
எந்தக் கட்சி? என்றார் கடைக்காரர்.
பிரியாணி உண்டா? என்றான் பெஞ்சில் இருந்தவன்.
அவன் வாயிலிருந்து வந்த வாசனைக்கு
அப்படியே ஒட்டி உட்கார்ந்துவிடலாம்போல் இருந்தது.

பின் கேட் வரைக்கும் போனேன்.
உள்ளே சிரிப்புச் சத்தம்.
என்னைப் பார்த்துத்தான் என்று திரும்பிவிட்டேன்.
அன்றைக்குப் பிறகு எங்கே போனேன் என்பதைச்
சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் உமையாள் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள்.
போக, வர, ஒரு டீக்கு என்று
சில்லறையாய் எண்ணி முப்பது ரூபாய்.
குவார்ட்டருக்குப் பற்றாத பணம்.
எனக்குக் கணக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.

நான் அரிசி ஆலையில் நெல் பிடிக்கிறவன்.
மூட்டையில் குத்தூசி விட்டு
ஒரு கை நெல்லெடுத்து மெஷினில் போட்டு
ஈரம் பதினேழைத் தாண்டினால்
லாரியைத் திருப்பி விடுவேன்.
இழுப்பறையில், சாம்பிள் பைகளுக்கு அடியில்
என் ஈரம் இருக்கும்.

மூன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
சுவரில் வாய்ப்பாடு. பெஞ்சில் முழங்கால் இடித்தது.
பதினோரு பேர் இருந்தார்கள்.
ஒருத்தர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவராம்;
இப்போது ஓட்டுவதில்லை,
ஏனென்று சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.
மூலையில் பிளாஸ்க்கோடு நின்றவன் திரும்பினான்.

அடைக்கலம்.

குடித்துவிட்டு லோடு இறக்க வந்தான் என்று
போன தையில் நானே கணக்கு முடித்து அனுப்பிய
அடைக்கலம்.
அன்று காலை பத்தரைக்கு
என் வாயில் ஏலக்காய் இருந்தது.
எதற்கு என்று அவனுக்குத் தெரியும்.
மூட்டை தூக்குகிறவனுக்கு மூக்கு இருக்காதா?

வாங்கண்ணே, என்றான்.
பேப்பர் கப்பில் பாதிதான் டீ.
மற்றவர்களுக்கெல்லாம் முழுக் கப்.
சரிதான், திருப்பித் தருகிறான் என்று
கையை நீட்டினேன்.
அறுந்த பல்லிவால் மாதிரி
கப் என் விரலுக்குள் துடித்தது.
ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

என் முறை வந்தபோது பேரைச் சொன்னேன்,
சொந்தப் பேர், சேவுகன்.
அதற்கடுத்த வார்த்தை வரவில்லை.
ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்து
வந்தது.

திரும்பும்போது கடை விளக்கு
பஸ்ஸின் எந்தப் பக்கம் வரும் என்று தெரியும்.
மறுபக்கம் உட்கார்ந்தேன்.

பதினாறு சனிக்கிழமை போயிருக்கிறேன்.
ஒன்பதாவதுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் சறுக்கி
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.
கை இப்போது அவ்வளவு ஆடுவதில்லை.
அடைக்கலம் இன்னும் பாதிதான் ஊற்றுகிறான்.
முழுசாய் ஊற்று என்று கேட்க
வாய் வரவில்லை.

அவனை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லி
முதலாளியிடம் பேச வேண்டும்.
பேசினால்
இழுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.
புதன்கிழமை பேசிவிடலாம் என்று இருந்தேன்.

இன்றைக்கு வியாழன்.