மூங்கில் தட்டிக்குள் ஒரு சுருள்

நீடாமங்கலம் துணைமின் நிலையம். தை இருபது.
முற்றத்தில் மூங்கில் தட்டிக்குள் நிற்கிறது ரியாக்டர்.
கிட்டத்தில் இரும்பு ஆகாது அதற்கு.
நடுவில் வெறும் காற்று, சுற்றி அலுமினியம்,
எந்நேரமும் ஒரு முனகல்.
"இதுக்கா இத்தனை லட்சம்?" என்றார் லைன்மேன் அமிர்தகடேசன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.
இரண்டாவது மின்மாற்றி வந்த அன்று
பலம் கூடிற்று என்று லட்டு கொடுத்தார்கள்.
பழுதுக்கும் சேர்த்துத்தான் கூடிற்று என்று
லட்டு தின்ற யாரும் சொல்லவில்லை.
பிரேக்கர் மட்டும் அதே பழசு.
எவ்வளவு தாங்கும் என்று தகட்டில் பொறித்திருக்கிறது,
பாதி துருவில்.

ராத்திரி ஒன்று நாற்பது.
பின்வயலில் ஆத்தூர் அறுவடை வண்டி
நெல் கொட்டும் குழாயைத் தூக்கியது,
மேலே கம்பி இருப்பது தெரியாமல்.

ஒரு நீலம்.
சுருள் ஒரே எழுத்தில் உறுமியது.
தடுக்கவில்லை, அது அதன் வேலையில்லை.
பிரேக்கர் விழுங்கும் அளவுக்குக்
குறைத்துக் கொடுத்தது.
டப்.
இருட்டு. சிள்வண்டு.

பதிவேட்டில் எழுதினேன்: ஒன்பது கிலோ ஆம்பியர்.
சுருள் இல்லாதிருந்தால் எவ்வளவு என்று
ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்து
அழித்துவிட்டேன்.

டிரைவர் வாசலுக்கு வந்தான், ஒற்றைச் செருப்போடு.
தண்ணீர் கேட்டான்.
குடிக்கவில்லை, தலையில் ஊற்றிக்கொண்டான்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் இறங்கிய வாரம்,
ஆறு இருந்த சத்தமே இல்லை.
"ஓனருக்கு என்னன்னு சொல்றது?"
என்னிடம் இல்லை,
தட்டிக்குள் பார்த்துக் கேட்டான்.
அது இன்னும்
முனகத் தொடங்கியிருக்கவில்லை.