ஆறாவது கட்டம்

கல்லுக்கட்டியில், மாடிப்படிக்குக் கீழே என் கடை.
அழைப்பிதழ், ரப்பர் ஸ்டாம்பு, கண்ணீர் அஞ்சலி.
போன மாதம் ஒரு வம்சாவளி வந்தது.
ஆறடி ஃப்ளெக்ஸ்.
சாந்திக் கல்யாணப் பந்தலில் கட்ட.

தந்தவர் சாத்தப்பன்.
அவர் அப்பா வெள்ளையப்பன்.
வெள்ளையப்பனின் அப்பா சாத்தப்பன்.
அந்தச் சாத்தப்பனின் அப்பா, சொல்லவே வேண்டாம்.
காப்பி பேஸ்ட் பண்ணிட்டீங்களா மெஹரக்கா என்றாள்
புரூஃப் பார்க்க வந்த மகள் உமையாள்.
நானில்லைம்மா.
உங்க வீட்டில் பண்ணியது.

எந்தச் சாத்தப்பன் என்று தெரிய வேண்டுமே,
அதற்காகக் கட்டத்துக்கொரு தலைப்பு கேட்டார்கள்.
குடும்ப வாட்ஸ்அப்பிலிருந்து
நள்ளிரவு தாண்டியும் வந்து விழுந்தன.

முதல் கட்டம்: கொண்டுவிற்கப் போனவர்கள்.
இதில் சண்டையே இல்லை.
போனவர்கள் யாரும் குரூப்பில் இல்லை.

இரண்டாவது: பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள்.
விசாரித்தால்
நடந்தது ஒருவர்தான், மணிப்பூர் வழியாக.
மற்ற நால்வர்
ரங்கூனில் குண்டு விழ ஆறு மாதம் முன்பே
கப்பலில் வந்து இறங்கி
பள்ளத்தூரில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.
இருந்தாலும் ஐவரும் நடந்தவர்களே.
ஒருவர் காலில் வந்த கொப்புளம்
ஒரு தலைமுறைக்கே போதுமானதாக இருந்திருக்கிறது.

மூன்றாவதுக்கு
பங்கு பிரித்தவர்கள் என்றது டல்லாஸ்.
பேங்க் வேலைக்குப் போனவர்கள் என்றது அடையாறு.
கதவு விற்றவர்கள் என்று யாரோ தட்டினார்கள்.
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.
உமையாள் போனில்
நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.

நான்காவது சாத்தப்பனுடையது.
தாமே எழுதி, மடித்துக் கொடுத்தார்:
எல்லாவற்றையும் தாங்கியவர்கள்.
உமையாள் அதன் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டாள்.
யோசித்து இன்னொன்று.
அவள் கட்டத்துக்கு அவர் தந்தது: போனில் இருப்பவர்கள்.
சிரித்தாள், போனில் இருந்தபடியே.

செத்தவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்கள்.
வைத்த பெயருக்கு
திருத்தம் அனுப்புவதில்லை.

நடுவில் ஒரு சோலையப்பன்
எந்தக் கட்டத்திலும் உட்கார மறுத்தார்.
ஏழு வயதில் சின்ன ஐயா வீட்டுக்குப்
பிள்ளை கூட்டிக்கொண்டு போனார்களாம்.
காலையில் நான்காம் தலைமுறையில் பல் துலக்கியவர்
மாலையில் மூன்றாம் தலைமுறையில்
மாலையோடு நின்றார்,
பெற்ற அப்பாவுக்கே பங்காளித் தம்பியாக.
தாங்கியவரா அவர், பிரித்தவரா?
ஒரு கோட்டை வளைத்து ஏற்றிவிட்டேன்.
கோரல்டிராவில் அது ஒரு நிமிட வேலை.

எங்கள் வீட்டுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் கேட்டதில்லை.
கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.
இவர்கள் வீட்டுக்கே
என் தாத்தா பிளைமவுத் ஓட்டினார்,
அத்தா அம்பாசிடர்.
பிளைமவுத் பாய், அம்பாசிடர் பாய்.
எங்கள் தலைமுறைக்குப் பெயர் வைத்தவர்கள்
பின்சீட்டில் இருந்தார்கள்.
அண்ணன் துபாயில் கிரேன் ஓட்டுகிறான்.
அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ,
கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

ஆறாவது கட்டத்தில் ஒரே ஒரு ஆள்.
எட்டு மாதம், உமையாளின் அண்ணன் மகன்.
பெயர் சாத்தப்பன்,
கூப்பிடுவது ஜோஜோ.
அவனுக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன்.
குரூப்பில் இரண்டு நீல டிக்.
மறுநாளும் இரண்டு நீல டிக்.

பிறகு முகூர்த்தக்கால், பிறகு கரண்ட் கட்,
மதுரைக்கு ஃபைல் அனுப்பும் அவசரம்.

கல்யாணத்தன்று உமையாள் ஒரு படம் அனுப்பினாள்.
பந்தலில் ஃப்ளெக்ஸ்.
எல்லாத் தலைமுறையும் அடியில் நிற்கிறது,
நடந்தவர்கள், பிரித்தவர்கள், தாங்கியவர்கள்
அவரவர் கோட்டின் கீழ்.
ஓரத்தில், யார் மடியிலோ,
ரசத்தில் நனைந்த அப்பளத்தைச் சப்பியபடி
அந்தப் பொடியன்.
அவன் தலைக்கு மேலே
என் மென்பொருள் தானாகப் போட்ட எழுத்து,
தடித்த சிவப்பில்:
தலைப்பை இங்கே தட்டச்சு செய்யவும்.

யாரும் கவனிக்கவில்லையாம்.
மாற்றித் தரட்டுமா என்றேன்.
வேண்டாம், அதுதான் சரியா இருக்கு என்றாள்.

மீதி எண்ணூறு ரூபாய் இன்னும் வரவில்லை.