கரண்ட் போன மதியம்

பிறந்த பதினோராம் நாள் ஜுரம்.
திருப்பதி ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர்
கஞ்சித் தண்ணி போலக் கலங்கியிருந்தது.
இருபத்தொரு நாள் மருந்து.
பிழைத்துக்கொண்டாள் என்றார்கள்,
பொதட்டூர்பேட்டைக்குத் தூக்கி வந்தோம்.
டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி:
காது, நடை, பேச்சு தொடர்ந்து பார்க்கவும்.
மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன்.
பிழைத்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

நாலு தறி ஓடும் வீட்டில்
தாட்சாயினி அசையாமல் தூங்குவாள்.
நல்ல பிள்ளை என்றது தெரு.
எனக்கும் பெருமைதான்.

ஒரு மதியம் கரண்ட் போனது.
எங்கள் தெருக் குழந்தைகள்
சத்தத்தில் தூங்கும், சத்தம் நின்றால் விழிக்கும்.
வீட்டுக்கு வீடு அழுகை கிளம்பியது.
என் தூளியில் மட்டும்
அதே சீரான மூச்சு.
தயாளன் என்னைப் பார்த்தார்.
கையிலிருந்த நாடாவைக் கீழே வைக்கவே இல்லை.

இப்போது ஐந்து வயது.
இடது கால் சற்று இழுக்கும்.
காதில் மெஷின்,
பேட்டரிக்கு வாரம் நாலு லுங்கிக் கூலி.
தறி ஓடும்போது அதைக் கழற்றிவிட்டு
சுவரில் உள்ளங்கை வைத்து நிற்பாள்;
எந்தத் தறி நின்றதென்று
எனக்கு முன்னால் விரல் காட்டுவாள்.

நாளைக்குத் திருப்பதி.
எத்தனை வார்த்தை பேசுகிறாள், எழுதி வா
என்றிருக்கிறார் டாக்டரம்மா.
நாற்பத்தொன்று வரை வந்துவிட்டேன்.
என்னிடம் தண்ணி,
பக்கத்து வீட்டு ரமணம்மாவிடம் நீள்ளு.
ஒன்றென்று எழுதவா, இரண்டென்றா?
பேனா மூடியைக் கடித்தபடி யோசிக்கிறேன்.
அதற்குள்
உள்ளேயிருந்து
தண்ணி கேட்கிறாள்.