உறை

தலவாக்கலை கிளினிக்கில் தராசு முள்
தொண்ணூற்றாறில் நின்றது.
"பாணைக் குறையுங்கள்" என்றார் மிஸ்,
சூன் பாண் ஓட்டோக்காரனிடம்.

சீனி போடாத தயிர், நாளுக்கு ஒரு கோப்பை.
குடலுக்குள் கோடி உயிர் குடியேறுமாம்.
இளைக்குமா?
"பார்ப்போம்."

ஜனவரிக் குளிர்.
உறை ஊற்றிய பால்
விடிந்தும் பாலாகவே கிடந்தது.
ரெஜினா கம்பளி சுற்றினாள்;
கம்பளிக்குத்தான் சூடு.

அந்திச் சுற்று முடிந்த இரவு
பாண் பெட்டிக்குள் சட்டியை இறக்கினேன்,
விலைபோகாத மாலு பாண்கள் சூழ,
ஆறாத அவற்றின் மூச்சில்.
காலையில்
கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

பாணை விட்டேன்.
பாணியை விட முடியவில்லை:
தலைப்புள்ளி கொக்கியாய் வளைந்து
பிடித்துக்கொள்கிறது.
திங்கள், வியாழன் மட்டும்
கித்துல் பாணி ஒரு சொட்டு;
ரெஜினாவுக்குத் தெரியாது.

மூன்று மாதம். தொண்ணூற்று நாலரை.
தயிராலா, நடந்ததாலா?
மிஸ்ஸுக்கும் நிச்சயமில்லை,
எழுதிக்கொண்டார்.

நான் சொல்லாதது ஒன்று:
சட்டிக்குச் சூடு கொடுத்த பாண்களை
விடியலில் சந்தி நாய்க்குப் போடுகிறேன்.
இப்போதெல்லாம் ஓட்டோப் பாட்டுக் கேட்டால்
அது ஓடி வருவதில்லை,
உருண்டு வருகிறது.