இரண்டு மணிக்கட்டு

இடக்கையில்
கரடிப்போக்குச் சந்திக் கடையில் வாங்கினது.
ஆயிரத்து நானூற்றைம்பது ரூபா.
நீலப் போத்தல், மூடி கொஞ்சம் ஆடும்.
வலக்கையில்
அனோஜன் பாரிசிலிருந்து கொண்டுவந்ததில் ஐந்து மில்லி,
ஊசிச் சிரிஞ்சால் இழுத்துத் தந்தது.
"அசல் மச்சான். கணக்காய் அடி."

பரந்தனில் ஏழரைக்கு இரண்டும் ஒன்றுதான்.
தேசிக்காய்த் தோல், நனைந்த கல்,
பிரிட்ஜைத் திறந்த மாதிரி ஒரு காற்று.
கண்ணை மூடி மணந்தால்
எந்தக் கை எதுவென்று எனக்கே பிடிபடவில்லை.
விலையில் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்
அந்நேரம் எங்கே படுத்திருந்ததோ.

விசுவமடுவில் வெயில் ஏறிற்று.
பெற்றோல் தாங்கி முழங்காலைச் சுட்டது.
இடக்கை இனிக்கத் தொடங்கியது,
ஐந்து ரூபா ரொபியின் இனிப்பு,
அடியில் கொஞ்சம் ஸ்பிரிட்.
வலக்கைக்கு அவசரமில்லை.
ஒளித்து வைத்திருந்த உப்பை
அப்போதுதான் எடுத்து நீட்டியது.
பிறகு ஏதோ மரம்,
பாலையுமில்லை, முதிரையுமில்லை.

புதுக்குடியிருப்பில்
இரண்டு தவணை பிந்தினவரின் வீடு பூட்டிக் கிடந்தது.
நாய் மட்டும் வந்து
வலக்கையை மணந்து தும்மியது.

வட்டுவாகல் பாலத்தில் நிறுத்தினேன்.
ஒரு பக்கம் நீரேரி,
மறுபக்கம், இரண்டு போத்தலிலும் படமாய் இருக்கிற கடல்.
காற்று வந்தது:
பாசி, கருவாடு, மண்ணெண்ணெய், செத்த நண்டு,
இன்னதென்று இந்தப் பக்கம் யாரும் சொல்லாத ஒன்று.
இரண்டு கையையும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
அனோஜனுக்குச் சொல்ல வேணும்,
உன்ர அசலும் கொப்பிதான் மச்சான்.

படகு எஞ்சின் தவணைக்கு யூஜினி அக்கா வீடு.
"என்ன தம்பி, கலியாணத்துக்கோ?"
சொன்னேன், கடல் வாசம், ஆம்பிளையளுக்கு.
அவவின் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.
"எங்கட மனுசன் கோயிலுக்குப் போக முதல்
தேசிக்காய் தேய்ச்சு, ரெண்டு தரம் சவுக்காரம் போட்டும்
கடல் போகுதில்லை.
நீங்கள் காசு குடுத்துப் பூசுறியளோ?"

பிறகு கையைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி மணந்தா.
வலதில் கனநேரம் நின்றா.
இடதுக்குத் திரும்பி வந்தா.
"இது காணும். என்ன விலை?
அடுத்த முறை ஒண்டு கொண்டாங்கோ,
மகன் கம்பஸ் போறான்."

பதினோராயிரம்.
செதிள் ஒட்டின தாள்களை எண்ணி வாங்கினேன்.
அதற்குள் இடக்கை செத்துப்போயிருந்தது.
நான் வலக்கையால் எழுதுகிறவன்.
ரசீதை மடித்து,
மற்றத் துண்டுகளோடு சொப்பின் பையில் போட்டு,
கூரை வளையில் செருகினா அக்கா.

ஏழாம் தவணை மட்டும்
கொஞ்ச நாளைக்குப் பாரிஸ் மணக்கும்.