இடப்பக்கம்

தொண்ணூறில் இல்லை.
தொண்ணூற்றிரண்டில் தொடங்கும்.
லெத்பிரிட்ஜ் விட்டு மேற்கே, மூன்றாம் நெடுஞ்சாலையில்
ஆற்றுப் பாலம் கடந்து மேடேறியதும்
ஒரு மெல்லிய சீழ்க்கை.
நூறில் அது விசில்.
நூற்றிப்பத்தில்
யாரும் அடுப்பை அணைக்க வராத குக்கர்.

திரும்பி வரும்போது இராது.
காற்று அப்போது முதுகில்.

"உன்ர கதவுதான்" என்றேன் இன்பராணிக்கு.
"நீ அடிச்சு அடிச்சுச் சாத்தி
ரப்பர் செத்துப்போச்சு."
அவள் ஏதோ சொன்னாள்.
அன்றைக்கு இறங்கும்போது
கதவைத் தூங்குகிற பிள்ளைக்குச் சாத்துவதுபோல் சாத்தினாள்.
பூட்டவில்லை.
திறந்து, அடித்தாள்.

பத்து டாலர் தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுத்தேன்.
இந்த நாட்டுத் தாள் பிளாஸ்டிக்,
எதிலிருந்தும் வழுக்கி வரும்.
பிறகு மளிகைக்கடை ரசீதை வைத்தேன்.
கத்தரிக்காய், செத்தல் மிளகாய், மொத்தத் தொகையோடு
பாதியாய்க் கிழிந்தது.
ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம்.
நான் நம்பவில்லை.

புது ரப்பர், நூற்று நாற்பத்தாறு டாலர்.
கூரைமேல் கம்பிகளைக் கழற்றினேன்.
அவள் பக்கக் கண்ணாடியை இறக்கி ஏற்றி
சிலிக்கோன் தடவினேன்.
விசில், சுருதி பிசகாமல்.

ஆலையில் கிழங்கு தரம் பிரிக்கிற ரொமெல் சொன்னான்:
எல்லா இடுக்கையும் டேப்பால் மூடு.
சத்தம் நிற்கும். பிறகு ஒவ்வொன்றாய் உரி.

மே மாதத்து ஞாயிறு.
நீல டேப் சுற்றிய வேன்
ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்ததுபோல் ஓடியது.
நூற்றிப்பத்து.
சத்தமில்லை.
கோல்ஹர்ஸ்ட் திருப்பத்தில் ஓரங்கட்டி
அவள் கதவின் மேல்விளிம்பை உரித்தேன். இல்லை.
மொனார்க்கில் அவள் கண்ணாடிச் சட்டம். இல்லை.
அவள் பக்கத்தில் உரிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.
அமைதி எனக்கு எரிச்சலாக இருந்தது.

எட்டு வயதில் கூகைக்கட்டு வந்து
கன்னம் வற்றியபோது
இடக்காதையும் கொண்டுபோய்விட்டது.
ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது.
கடைத்தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
முழுவட்டம் சுற்றித்தான் ஆளைப் பிடிப்பேன்.
இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.
ஆனால் ஸ்டியரிங் பிடிக்கிறபோது
அவள் எப்போதும் வலப்பக்கம்.
இருபத்தாறு வருடமாய்
உலகத்துச் சத்தமெல்லாம்
அவள் இருக்கிற பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது.

மிஞ்சியது என் பக்கம்.
பக்கக் கண்ணாடி முளைக்கிற மூலையில்
ஒரு முக்கோணப் பிளாஸ்டிக்.
அதன் டேப்பை உரித்துவிட்டு ஏறினேன்.
தொண்ணூற்றிரண்டு.

வந்தது.

இன்பராணி திரும்பாமலே
என் மார்புக்குக் குறுக்கே கை நீட்டிக் காட்டினாள்.
"அங்க."
"எப்ப தெரியும்?"
"முதல் நாளே."
"சொல்லியிருக்கலாமே."
"சொன்னனான். விசிலடிச்சுக்கொண்டிருந்தது."

நவம்பரில் கராஜிலிருந்து பின்னெடுக்கும்போது
நிலையில் உரசியது நான்தான்.
பெயர்ந்த முக்கோணத்தைப் பெருவிரலால் அமுக்கி
சரி என்று நினைத்து
அவளிடம் சொல்லாமல் விட்டதும்.

கழற்றிய பழைய ரப்பர் பின்சீட்டுக்கடியில் கிடந்தது.
செத்துப்போனதென்று நான் தீர்ப்புச் சொன்னது.
அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்தது.
விரல்நீளம் வெட்டி
முக்கோணத்துக்கு அடியில் செருகினேன்.
போதுமாயிருந்தது.

போர்ட் மக்ளாவுட் தாண்டி
காற்றாலைகள் வரிசையாய்ச் சுழன்றன.
காற்றைப் பிடித்து விற்கிற ஊரில்
நாங்கள் அதை வெளியே நிறுத்தியிருந்தோம்.
நூற்றிப்பத்து.
"ஒண்டுமில்லை" என்றேன்.

அவள் தலையைச் சற்றே சாய்த்து
இரண்டு காதாலும் கேட்டாள்.
"கொஞ்சம் இருக்கு."
"எங்க?"
"நேர பாத்து ஓட்டுங்கோ."