வான்கதவு

இன்று காலை
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு.

தலவாக்கலையில் மூன்று வாரமாய் மழை.
மேல் கொத்மலையில்
வான்கதவைத் திறந்துவிட்டார்களாம்.
தாழ்வான இடங்களில் வசிப்போர்
அவதானமாக இருக்கவும் என்கிறது வானொலி.
என் இன்பொக்ஸுக்குக் கீழே
யாரும் குடியிருக்கவில்லை என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேயிலையைப் பைக்கட் போட்டு விற்கிறவள் நான்.
மூன்று இயந்திரம், பதினொரு பேர்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.
டுபாய்க்காரருக்குச் சாயம் போதாது.
ஹம்பேர்க்காரருக்குச் சாயம் அதிகம்.
என் கடவுச்சொல்லுக்கு வயதாகிவிட்டது என்கிறது வங்கி.
வெயாங்கொடை அட்டைப்பெட்டிக்காரர்
"அன்பான நினைவூட்டல்" அனுப்புகிறார்,
நான்காவது தடவை,
அன்பு கொஞ்சம் குறைந்து.
எப்போதோ ஒருமுறை நான் விலை பார்த்த குளிர்சாதனப்பெட்டி
இன்னும் என்னை மறக்கவில்லையாம்.

'பிறகு' என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன்.
அதில் போனது எதுவும்
திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இரவு பத்தரை.
கரண்ட் போய் வந்த பிறகு
கவ்வாத்துக்கு உட்கார்ந்தேன்.
மரத்துக்கு வலிக்குமே என்று பார்த்தால்
பேர் விழாது என்பார் அப்பா.
தள்ளுபடி. தள்ளுபடி. கருத்தரங்கு. தள்ளுபடி.
யாரோ ஒரு மாமா எனக்கு விட்டுப்போன
நாற்பது இலட்சம் டொலர்.
வெட்டினேன்.
ஆயிரம் குறைந்தது. இரண்டாயிரம்.
கைக்குச் சுகமாக இருந்தது.
அந்தச் சுகத்தில்
ஒரு பெயரையும் சேர்த்து வெட்டப் போய்
நின்றேன்.

ஆ. சங்கிலிமுத்து.

எங்கள் நிறுவைக்காரர்.
என் மேசைக்கும் அவர் தராசுக்கும் நடுவில்
ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான்.
நான் தும்மினால் அவருக்குக் கேட்கும்.
அவர் ஏன் எனக்கு மெயில் அனுப்ப வேண்டும்?

பத்தொன்பது நாளுக்கு முன்,
மகனின் போனிலிருந்து:
மேடம், லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது.
அதிகாரிமார் வந்து பார்த்து எழும்பச் சொன்னார்கள்.
டவுனில் ஒரு அறை இருக்கிறது.
மூன்று மாத முற்பணம் கேட்கிறார்கள்.
சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்.
நேரில் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது மேடம்
அதனால் எழுதுகிறேன்.

மேலே ஒரு சப்பாத்து விளம்பரம்.
கீழே ஒரு காப்புறுதி.

பத்தொன்பது நாளும் வந்தார்.
குடையை உதறி வாசலில் சாய்த்தார்.
நூறு கிராம், இருநூறு கிராம்,
முள் பிசகாமல் நிறுத்தார்.
என் முகத்தைப் பார்த்திருப்பார்.
அதில் பதிலைத் தேடியிருப்பார்.
ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ
கிடைத்துவிட்டது என்று முடிவு செய்திருப்பார்.
போன வெள்ளி,
"மழை விடாது போல இருக்கு மேடம்" என்றார்.
"ஆமா, கொன்டெய்னர் பிந்தப் போகுது" என்றேன் நான்.

பதில் அனுப்பும் இடத்தில் விரலை வைத்தால்
திரையே மூன்று பதில் எழுதித் தருகிறது:
நன்றி.
கவனத்தில் எடுத்துக்கொண்டேன்.
விரைவில் தொடர்புகொள்கிறேன்.

போனை எடுத்து அடித்தேன்.
மகன்தான் பேசினான், தூக்கத்தில்.
"நாங்க ஸ்கூல் மண்டபத்துல மேடம்.
பத்து நாளாச்சு. பதினாலு குடும்பம்.
அப்பா இப்பதான் கண்ணசந்தாரு.
எழுப்பவா?
ஏதும் அவசரமா?"

அவசரம் என்று சிவப்புக் கொடி நட்ட
ஐந்நூறு கடிதங்கள் எனக்கு முன்னால்.
இல்லை, தூங்கட்டும் என்று சொல்ல நினைத்து
ஆமாம் என்றேன்.

மேலும் மூன்று வந்து விழுந்தன.
பார்க்கவில்லை.
காதில் தகரத்து மழை,
யாருடைய பிள்ளையோ இருமுவது,
பாய் சுருட்டும் சத்தம்,
இருட்டில் ஒருவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு
"மேடமா?" என்று
தொண்டையைச் சரிசெய்வது.